முதியோர் தோலும் வாராந்தரப் பேணலும்

மார்கழி, தை மாதங்களில் வட இந்தியக் கிராமம் ஒன்றிற்குச் செல்லும் களப் பணியாளர், இளவெயிலில் கயிற்றுக் கட்டிலிட்டு அமர்ந்திருக்கும் முதியவர்களின் கால்களைச் சற்றே உற்று நோக்குவாராயின், முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருப்பதைக் காண்பார். சிலருக்கு அது மீன் செதில் போல் உரியும். வேறு சிலருக்கு நீர் வற்றிய குளத்தின் அடிமண்ணைப் போல் கீறல் கீறலாக வெடித்திருக்கும். இரவில் அரிப்பு மிகுந்து உறக்கம் கெடும். சொறிந்த நகத்தின் தடம் புண்ணாகும். குதிகால் வெடிப்பின் வழியே கிருமிகள் புகுந்து கால் வீங்கும். வீட்டாரைக் கேட்டால், வயதானால் அப்படித்தான் என்பர். இரத்தம் கெட்டுவிட்டது என்று கூறுவோரும் உளர்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். தோல் வறட்சி இவர்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தொல்லைகளுள் ஒன்றாகும். இதற்கு வீடுகளில் செய்யப்படும் பரிகாரங்கள் பெரும்பாலும் இரண்டே. நன்றாகக் கொதித்த நீரும் நிறையச் சோப்பும் கொண்டு உடம்பைத் தேய்ப்பது ஒன்று. மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் ஒரு குழாய்க் களிம்பு வாங்கித் தடவுவது மற்றொன்று. முன்னது நோயை வளர்க்கிறது; பின்னது நோயை மறைக்கிறது. உண்மையில் வேண்டுவது வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரமும், சமையலறையில் உள்ள எண்ணெயில் ஒரு கரண்டியும், செய்யும் முறையில் ஒரு சிறு மாற்றமுமே. அம்மாற்றம் யாது என்பதை விளங்கிக்கொள்ளத் தோலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

கொம்புப் படலம்

மனிதத் தோலின் மிக மேற்புறத்தில் உள்ளது உயிரற்ற ஒரு மெல்லிய படலம். உடலின் பெரும்பகுதியில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரையே. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடித்திருக்கும். மாட்டின் கொம்பும் மனிதனின் நகமும் எந்தக் கெரட்டின் என்னும் பொருளால் ஆயினவோ, அப்பொருளே இதிலும் மிகுந்திருப்பதால் இதனைக் கொம்புப் படலம் என்பர். தட்டையான இறந்த உயிரணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றிற்கிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்து போல் பூசப்பட்டிருக்கின்றன. உடலின் ஈரம் வெளியே ஆவியாகிவிடாமல் தடுப்பது இச்சாந்தே.

முதுமையில் இச்சாந்து குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலை தளர்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின்னர் இத்தளர்ச்சி விரைந்து தோன்றும், ஆண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரும். கொம்புப் படலம் புதுப்பிக்கப்படும் வேகமும் குறைகிறது. குரோவ், கிளிக்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளைஞர்களிடம் ஏறத்தாழ இருபது நாட்களில் உதிர்ந்து மாறும் இப்படலம், முதியவர்களிடம் மாறுவதற்கு மேலும் பத்து நாட்களுக்கு மேல் பிடிக்கிறது. மேற்றோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே விரல்கள் கோத்தாற்போல் இருந்த பிணைப்பும் தட்டையாகிவிடும். ஆகவேதான் முதியவரின் முன்கையில் ஒட்டிய பிளாஸ்திரியை வேகமாகப் பிய்த்தால் தோலும் உடன் உரிந்து வருகிறது. முதியவரைக் கையைப் பிடித்து எழுப்பும் பேரப்பிள்ளையின் நீண்ட நகமே சில வேளை பெருங்காயம் விளைவித்துவிடும்.

இவை யாவும் வயதால் மட்டும் நேர்வன அல்ல. ஐம்பது ஆண்டுகள் உழுத ஒரு குடியானவரின் மேற்கையின் உட்புறத்தையும், அதே கையின் முன்கைப் புறத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மனிதரின் தோல்தானா என்று ஐயுறத் தோன்றும். உட்புறம் மென்மையாகவும் ஒரே நிறமாகவும் இருக்க, வெளிப்புறம் கறுத்து, தடித்து, சுருங்கியிருக்கும். வயது இரண்டிற்கும் ஒன்றே. வேறுபாடு வெயிலினால் வந்தது. வெயிலால் வரும் இம்முதுமைக்குத் தனிப் பெயரிட்டு 1986-இல் எழுதியவர்களுள் மேற்சொன்ன கிளிக்மனும் ஒருவர். வகுப்பில் எந்தக் கருவியும் இன்றிக் காட்டக்கூடிய சான்று இது. தலையில் முண்டாசும் முழுக்கைச் சட்டையும் அணிந்து உழும் வழக்கம் எவ்வளவு அறிவுடையது என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

எண்ணெயா, நீரா?

காய்ந்த தோலுக்கு எண்ணெய் தேவை என்றே உலகெங்கும் நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பணியாற்றிய இர்வின் பிளாங்க் என்பவர் இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தி 1952-இல் தம் முடிவை வெளியிட்டார். அவர் பாதத்தின் காய்ப்புத் தோலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து உலர்த்தினார். அவை ஓடு போல் நொறுங்கும் நிலையை அடைந்தன. அவற்றை எண்ணெய்களில் ஊறவைத்துப் பார்த்தார். அவை முன்போலவே விறைத்து நின்றன. நீரை ஏற்ற துண்டுகளோ இளகி வளைந்தன. கொம்புப் படலத்தில் நீரின் அளவு நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் கீழே போனால் அது நொறுங்கத் தொடங்குகிறது என்பதும் அவர் கண்டது. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெயின் வேலை அந்நீர் ஓடிப்போகாமல் மூடி வைப்பது. பாத்திரத்தில் நீர் இல்லாதபோது மூடியை மட்டும் இறுக மூடி என்ன பயன்?

ஆசிரியர்கள் இச்சோதனையை வெட்டிய நகத்துண்டுகளைக் கொண்டு பள்ளியிலேயே செய்து காட்டலாம். பெருவிரல் நகத்துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தேங்காய் எண்ணெயிலும் மற்றொன்றை நீரிலும் ஓர் இரவு இட்டு, மறுநாள் இரண்டையும் வளைத்துப் பார்க்குமாறு மாணவர்களிடம் தருவது போதும். எது இளகியிருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

குளிர்காலத்தில் தோல் ஏன் வெடிக்கிறது என்பதும் இதனால் விளங்கும். 5 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று, மிகுதியாகக் கொண்டால், ஏறத்தாழ 6.8 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றை அறைக்குள் 20 பாகைக்குச் சூடேற்றினால் அது 17.3 கிராம் வரை தாங்கும் ஆற்றலைப் பெறுகிறது; ஆனால் அதில் உள்ள நீராவி கூடவில்லை. எனவே நிறைந்திருந்த காற்று நூற்றுக்கு 40 பங்கே நிறைந்த, தாகமுள்ள காற்றாகி, கண்ட இடத்திலெல்லாம் ஈரத்தை உறிஞ்சுகிறது. கணப்புச் சட்டிக்கு அருகே அமர்ந்திருக்கும் முதியவரின் கால்கள் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் உள்ளவரின் கால்களைவிட விரைவில் வெடிப்பதற்குக் காரணம் இதுவே.

நீர் முதலில், எண்ணெய் பிறகு என்னும் இம்முறைக்கு இந்திய நாட்டிலேயே ஒரு சிறந்த முன்னுதாரணம் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, தொழுநோயாளரின் கைகால்கள் அந்நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போனதால் தெரியாமல் அடிபட்டுத் தேய்ந்தே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வையும் நின்றுவிடும். வியர்வையற்ற பாதம் காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் வழியே சீழ் பிடிக்கும். இதனைத் தடுப்பதற்குத் தொழுநோய் நிலையங்களில் கற்பிக்கப்படும் முறை மிக எளியது: அன்றாடம் பாதத்தைச் சாதாரண நீரில் இருபது முப்பது நிமிடம் ஊறவைப்பது, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்ப்பது, ஈரம் முழுதும் உலருமுன் எண்ணெயோ வாஸ்லைனோ பூசுவது. ஒரு வாளி நீரும் ஒரு கல்லும் சிறிது எண்ணெயும் எண்ணற்ற கால்களைக் காத்திருக்கின்றன. நோயில்லாத முதியவரின் காய்ந்த பாதத்திற்கும் இது அவ்வாறே பொருந்தும். அவருக்கு வாரம் ஒரு முறை ஊறவைத்தல் போதுமானது.

எண்ணெய் நாள்

வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது தென்னாட்டில் நெடுநாளைய வழக்கம். வடக்கிலும் கிழக்கிலும் கடுகெண்ணெய் தேய்ப்பு இவ்வாறே வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்தை மாற்ற வேண்டுவதில்லை. உலர்ந்த உடம்பில் எண்ணெய் தேய்த்து, வெந்நீரும் சீயக்காயும் அரப்பும் கொண்டு அவ்வளவு எண்ணெயையும் வழித்தெடுத்துவிட்டு, துடைத்து உலர்த்திவிடுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது என்பதே முதியோரைப் பொறுத்தவரை இதில் உள்ள குறை. இளைஞரின் தோல் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே மறுபடி சுரந்துகொள்ளும்; முதியவரின் தோலுக்கு அது எளிதன்று. ஆகவே முதியவருக்குக் குளியலுக்கு முன் பூசும் எண்ணெயைவிடக் குளியலுக்குப் பின் பூசும் எண்ணெயே முக்கியமானது.

நீர் உடம்பு பொறுக்கும் சூட்டிலன்றி, வெதுவெதுப்பாக மட்டும் இருத்தல் வேண்டும். அரிப்புள்ளவர்களுக்குச் சுடுநீர் சுகமாகத் தோன்றுவது உண்மை. அச்சுகம் சிறிது நேரமே நிற்கும், கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போனபின் அரிப்பு இரு மடங்காகத் திரும்பும். பத்து நிமிடத்திற்கு மேல் குளியல் வேண்டா. பீர்க்கங்காய் நார், தென்னை நார் முதலியவற்றால் தேய்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். கைகால்களுக்கும் முதுகிற்கும் அன்றாடம் சோப்பு தேவையில்லை. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத் தன்மையுடையது; சோப்போ காரத் தன்மையுடையது. மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்பு நீரைத் தெளித்தால் காகிதம் சிவப்பதைக் கொண்டு இதைக் காட்டலாம். சோப்பின் உறையில் கொழுப்புப் பொருள் நூற்றுக்கு இவ்வளவு என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு, அந்த எண் பெரிதானால் சோப்பும் மென்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். இந்தியத் தர விதிப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76-க்குக் குறையலாகாது. ஆயின் அந்த எண் கட்டியில் சோப்புப் பொருள் எவ்வளவு, நிரப்புப் பொருள் எவ்வளவு என்பதைத் தெரிவிக்குமேயன்றிக் காரத்தைக் குறைத்துவிடாது. விலை உயர்ந்த சோப்பை நிறையத் தேய்ப்பதைவிட விலை குறைந்ததைச் சிறிதாகப் பயன்படுத்துவது மேல்.

குளித்தபின் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் சிறிது ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்திற்குள், எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். இதுவே முன்னர்க் குறிப்பிட்ட சிறு மாற்றம். கைகால்களுக்கு ஒரு மேசைக் கரண்டி அளவு தாராளம். மற்ற நாட்களில் குளித்தபின்னும் முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் இவ்வாறே பூசினால் நலம்.

எந்த எண்ணெய் என்ற கேள்வி எழும். பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியான சோதனையில் இரண்டும் சம அளவில் பயன் தந்தன. சூரியகாந்தி எண்ணெயும் நல்லது. வாஸ்லைன் ஈரத்தை மூடி வைப்பதில் இவை யாவற்றினும் வல்லது. பிசுபிசுப்பு ஒன்றே அதன் குறை. கடுகெண்ணெயைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். எலிகளின் தோலைக்கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிதைந்த தோற்காப்பு சீரடைவதைச் சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது, கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது. விலை மிகுந்த ஆலிவ் எண்ணெயும் தோற்காப்பைத் தளர்த்துவதாக 2013-இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. வாழ்நாள் முழுதும் கடுகெண்ணெய் தேய்த்துவந்த பாட்டியிடம் அதை விடச் சொல்வது எளிதன்று. தோல் வெடித்துள்ள இடங்களிலாவது அதைத் தவிர்க்கும்படி வற்புறுத்தலாம். கிளிசரினைத் தனியே பூசாமல் சம அளவு நீர் கலந்து பூசுதல் வேண்டும். வறண்ட காற்றில் தனிக் கிளிசரின் ஈரத்தைத் தோலின் உள்ளிருந்தே இழுத்துவிடும்.

குதிகால் வெடிப்பிற்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு யூரியா சேர்ந்த களிம்பு நன்கு உதவும். யூரியா என்றவுடன் வயலுக்கு இடும் உரத்தைக் கரைத்துப் பூசும் எண்ணம் யாருக்கேனும் வரக்கூடும், அவ்வாறு செய்யலாகாது. மருந்திற்கெனத் தூய்மை செய்யப்பட்டதே களிம்பில் சேர்க்கப்படுகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவர்கள் பாதத்தை நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது. கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து, இடுக்குகளை விட்டு ஏனைய பகுதிகளில் மட்டும் எண்ணெய் பூச வேண்டும். நீரின் சூட்டை அவர்களுடைய பாதத்தால் சோதிக்கலாகாது, வீட்டார் தம் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ப்பைச் சவரப் பிளேடால் சீவுவது பலருக்குப் பழக்கம்; உணர்ச்சி மரத்த காலில் அது மெய்யாகவே ஆபத்தானது.

மற்றுமோர் ஆபத்து தோலைச் சார்ந்ததன்று; எனினும் எண்ணெய் நாளில் அதுவே பெரியது. எண்ணெய் படிந்த ஈரத் தரையில் வழுக்கி விழும் முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், பலர் மறுபடி எழுந்து நடப்பதில்லை. ஆதலால் எண்ணெய் தேய்ப்பதும் குளிப்பதும் மணையிலோ முக்காலியிலோ அமர்ந்தபடியே நடைபெற வேண்டும். எழுமுன் உள்ளங்காலைத் துடைத்துவிட வேண்டும். பாதத்திற்கு எண்ணெய் பூசுவதைப் படுக்கைக்குச் சென்றபின் வைத்துக்கொண்டு, பழைய பருத்திக் காலுறை ஒன்றை அணிவித்துவிடலாம். எண்ணெயும் வாஸ்லைனும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் பீடி பிடிப்பவர்களும் கணப்பருகே அமர்பவர்களும் கவனமாயிருத்தல் அவசியம்.

வாரம் ஒரு முறை பார்வை

எண்ணெய் பூசும் கை, அதே நேரத்தில் உடம்பை ஆராயும் கையாகவும் அமையலாம். முதியவருக்குத் தம் முதுகும் உள்ளங்காலும் தெரிவதில்லை. கண்ணாடி பார்த்துக் கண்டுகொள்ளும் அளவிற்குப் பார்வையும் இருப்பதில்லை. எண்ணெய் நாளில் மகளோ மருமகளோ பேரனோ பாதத்தின் அடிப்புறத்தையும் விரல் இடுக்குகளையும் முதுகையும் ஒருமுறை பார்த்துவிட்டால் எத்தனையோ நோய்கள் தொடக்கத்திலேயே அகப்பட்டுவிடும். களப் பணியாளர் வீடுகளுக்குச் செல்கையில் கற்பிக்க வேண்டியவற்றுள் இது முதன்மையானது.

வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்றில் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையெனில் அது தொழுநோயாக இருக்கலாம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு முழுதும் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நோய் எட்டியது. எனினும் புதிய நோயாளர்கள் இன்றும் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றனர். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்களும், இரவில் மிகும் அரிப்பும், வீட்டில் வேறு சிலருக்கும் அதே தொல்லையும் இருந்தால் அது வறட்சியன்று, சொறிசிரங்கு. வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். தடிப்போ சிவப்போ இன்றி உடம்பு முழுதும் நீங்காது அரித்தால் நீரிழிவு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புதல் முறை. படுத்த படுக்கையாய் இருப்பவரின் இடுப்பின் பின்புறமும் குதிகாலும் அழுத்தினாலும் நிறம் மாறாமல் சிவந்திருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதற்படி.

சில வாரங்கள் ஆகியும் ஆறாத புண், விளிம்பு தடித்த புண், தொட்டால் இரத்தம் கசியும் கட்டி ஆகியவற்றைப் புற்றுநோய் என ஐயுற்றுக் காட்டுவதே நன்று. காசுமீரத்தில் குளிருக்காகக் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வர். ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட வயிற்றிலும் தொடையிலும் முதலில் வலைப்பின்னல் போல் கறுப்புத் தடம் விழும். பின்னர் அவ்விடத்திலேயே புற்று தோன்றும். எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் இதனை 1866-இலேயே எழுதி வைத்துள்ளார். கணப்பை அணைத்து உறங்கும் முதியவர்கள் வேறு மலைப்பகுதிகளிலும் உண்டாதலின், அத்தகைய வலைத் தடத்தைக் கண்டால் சட்டியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.

குழாய்க் களிம்புகள்

இறுதியாகக் கடைக் களிம்பு. அரிப்பிற்கெனக் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் கொடுப்பது ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு. அதைத் தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும். அதனால் அதற்கு அண்டை வீட்டிலும் புகழ் பரவும். ஆனால் ஏற்கெனவே மெலிந்த முதியவரின் தோல் மாதக்கணக்கில் அதைப் பூசுவதால் காகிதம் போல் மேலும் மெலிந்து, சிறு உரசலிலும் இரத்தம் கட்டிக்கொள்ளும். படர்தாமரை இருந்தால் அது உருமாறி அடையாளம் தெரியாமல் உடலெங்கும் பரவும். சொறிசிரங்கானால் அரிப்பு மட்டும் மறைந்து, பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும். மத்திய அரசு 2018-இல் பதினான்கு வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது.

வீட்டிற்குச் செல்லும் பணியாளர் முதியவர் பூசிவரும் குழாயை வாங்கிப் பார்த்து, அதில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஏதேனும் உண்டா என்று கவனிப்பது பயன் தரும். இருந்தால், அதைத் தூக்கி எறியும்படி சொல்வதைவிட, முதியவரோடு அக்குழாயையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லும்படி சொல்வதே சரி. நெடுநாள் பூசியதைத் திடீரென நிறுத்தினால் சிலருக்குச் சிவப்பும் எரிச்சலும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மேலும் எத்தனை மாதமாக, உடம்பில் எந்தெந்த இடத்தில், ஒரு குழாய் எத்தனை நாளுக்கு வருகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து உடன் அனுப்பினால், மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.